கல் மாதிரி இருக்கும் பட்டர் ஃப்ரூட்

பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) மரத்தில் பழுக்காது. கொய்யாவையும் மாம்பழத்தையும் பறிக்காமல் விட்டால் கிளையிலேயே கனிந்து, அணில் கடித்தது போக மிச்சம் கீழே விழும். பட்டர் ஃப்ரூட் அப்படியில்லை. மரத்தில் பெருக்கும், முற்றும், சதையில் எண்ணெய் சேர்த்துக்கொள்ளும். ஆனால் காம்பு மரத்தோடு ஒட்டியிருக்கும்வரை கடினமாகவேதான் தொங்கும். பறித்த பிறகுதான் கனியும் வேலையைத் தொடங்கும். ஆகவே கடையில் பழம் என்று நாம் வாங்குவது பெரும்பாலும் முற்றிய காய். அதைப் பழமாக்குவது நம் வீட்டில் நடக்க வேண்டிய வேலை.

என் அம்மா வழிச் சொந்தங்கள் கீழ்ப்பழனி மலையில் இருக்கிறார்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, தடியன்குடிசைப் பக்கம் காபித் தோட்டங்களுக்குள் போனவர்களுக்குத் தெரியும்: சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், நடுவில் ஆரஞ்சும் மலைவாழையும் இருக்கும், அவற்றுக்கு மேலே குடை பிடித்த மாதிரி பட்டர் ஃப்ரூட் மரம் நிற்கும். காபிக்கு நிழல் தரத்தான் பல தோட்டங்களில் இதை வளர்த்தார்கள். இன்று காபியைவிட இதற்குத்தான் வியாபாரி முதலில் வந்து நிற்கிறார். சீசன் வந்தால் மலையிலிருந்து சென்னையில் எங்கள் வீட்டுக்கு ஒரு மூட்டை வரும். அக்கம்பக்கத்துக்கும் பிரித்துக் கொடுப்போம். கொடுத்த மறுநாளே ஃபோன் வரும். "அக்கா, கல்லு மாதிரி இருக்கே, நாளைக்கே ஜூஸ் போடணும், என்ன பண்றது?"

நாளைக்கே என்றால் முடியாது. மூன்று நாள் கொடுத்தால் முடியும். அந்த மூன்று நாளில் காய்க்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அது தெரிந்துவிட்டால், இணையத்தில் சுற்றும் குறுக்குவழிகளில் எதை நம்பலாம், எதை விடலாம் என்பது தானாகவே தெளிந்துவிடும்.

காயைக் கனிய வைப்பது எத்திலீன் என்ற வாயு. வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்ளும் வாயு இல்லை, காய் தானே உண்டாக்குவது. முதலில் துளியளவு சுரக்கும். அந்தத் துளி பட்டதும் சதை இன்னும் கொஞ்சம் சுரக்கும், அது மேலும் சுரக்கத் தூண்டும். ஒரு கட்டத்தில் காய் மூச்சு வாங்குகிற மாதிரி ஆக்சிஜனை இழுத்துச் சூடாகி, சதையின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினை நொதிகள் கரைக்க ஆரம்பிக்கும். அதுதான் மென்மை. கூடவே பச்சை வாடை போய், வெண்ணெய் மணமும் கொட்டைப்பருப்புச் சுவையும் வரும். மென்மையும் சுவையும் சேர்ந்து வந்தால்தான் கனிதல்.

பறித்த கையோடு இந்த ஓட்டம் தொடங்கிவிடாது. காய்க்குள் மன்னோஹெப்டுலோஸ், பெர்சீட்டால் என்று ஏழு கார்பன் கொண்ட சர்க்கரைகள் நிறைந்திருக்கின்றன. மற்ற பழங்களில் இந்த அளவுக்கு இவற்றைப் பார்ப்பது அபூர்வம். மரத்திலிருந்து வரத்து நின்றதும் இவை குறைய ஆரம்பிக்கின்றன. இவை ஓரளவு தீர்ந்த பிறகுதான் காய் கனியத் தயாராகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நேற்றுப் பறித்த காயை என்ன செய்தாலும் முதல் ஒன்றிரண்டு நாள் அசையாமல் இருப்பதற்கு இது பொருத்தமான விளக்கம். அதனால் மலையிலிருந்து நேராக வந்த மூட்டையை முதல் நாள் நான் சும்மா பரப்பி வைத்துவிடுவேன். கடைக்காய்க்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. லாரியிலும் மண்டியிலுமே அந்த நாட்கள் கழிந்திருக்கும்.

எத்திலீனை மனிதர்கள் அடையாளம் கண்ட கதையில் எனக்கு மிகவும் பிடித்தது எலுமிச்சைக் கதை. கலிஃபோர்னியாவில் பச்சை எலுமிச்சையை அறையில் அடுக்கி, மண்ணெண்ணெய் அடுப்பு மூட்டி மஞ்சளாக்குவார்கள். சூடுதான் மஞ்சளாக்குகிறது என்று நம்பினார்கள். புகையில்லாத வேறு முறையில் அதே சூட்டைக் கொடுத்தபோது காய் பச்சையாகவே நின்றது. வேலை செய்தது சூடு இல்லை, அடுப்பின் புகையில் இருந்த வாயு. அது எத்திலீன்தான் என்று அமெரிக்க வேளாண் துறையின் ஃபிராங்க் டென்னி 1924இல் காட்டினார். பழமே அந்த வாயுவை உண்டாக்குகிறது என்பதை 1934இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேன் ஆப்பிள்களை வைத்து நிரூபித்தார்.

இதைப் படித்தபோது வாழைத்தாருக்கு மூட்டம் போடும் நம் ஊர் வழக்கம்தான் நினைவுக்கு வந்தது. தாரைக் குழியிலோ அறையிலோ அடுக்கி, சருகு எரித்துப் புகை காட்டி, வாயை அடைத்துவிடுவார்கள். மாங்காயை வைக்கோலில் புதைப்பார்கள். சீத்தாப்பழத்தை அரிசிப் பானைக்குள் வைப்பார்கள். எத்திலீன் என்ற பெயர் தெரியாமலேயே வாயுவை அடைத்துவைக்கும் வித்தை நம் வீடுகளில் இருந்திருக்கிறது. பட்டர் ஃப்ரூட்டுக்கும் அந்த வித்தைதான் வேண்டும், சின்னத் திருத்தங்களோடு.

முதல் திருத்தம், கூட வைக்கும் பழம். வாழைப்பழத்தோடு வை என்று எல்லோரும் சொல்வார்கள். தவறில்லை. ஆனால் 20 டிகிரி வெப்பத்தில் ஒரு கிலோ வாழை ஒரு மணி நேரத்தில் விடும் எத்திலீன் 1 முதல் 10 மைக்ரோலிட்டர் வரைதான். கனியத் தொடங்கிய பட்டர் ஃப்ரூட்டோ 10 முதல் 100 வரை விடும் வகுப்பைச் சேர்ந்தது. வாழையை நாம் நம்புகிறோம், ஆனால் பட்டர் ஃப்ரூட்டே அதைவிடப் பெரிய ஊற்று. ஆகவே கல்லாக இருக்கும் காய்களோடு ஏற்கெனவே இளகிய ஒரு பட்டர் ஃப்ரூட்டை வைப்பதுதான் மிகச் சிறந்த வழி. கடையில் வாங்கும்போதே நான்கு காயோடு, கொஞ்சம் அமுங்குகிற ஒரு பழத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டையில் முந்திக் கனிந்த ஒன்றை ஆசைப்பட்டு உடனே வெட்டிவிடாமல் ஒரு நாள் மற்றவற்றோடு விட்டுவையுங்கள்.

இதையும் மிஞ்சும் ஒரு பழம் அதே மலைகளில் கிடைக்கிறது. தாட்பூட் என்று அங்கே சொல்லும் பேஷன் ஃப்ரூட். அது 100 மைக்ரோலிட்டருக்கும் மேல் விடும் வகுப்பு. கொடைக்கானல் போய் வருகிறவர்கள் இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு வந்தால் போதும், பாதி வேலை வழியிலேயே முடிந்துவிடும். எதுவும் கிடைக்காவிட்டால் மலைவாழையோ பூவனோ, மஞ்சள் ஏறிக்கொண்டிருக்கும் நிலையில் இரண்டு மூன்று. ஆப்பிளை நான் நம்புவதில்லை. குளிர்க்கிடங்கில் மாதக்கணக்கில் இருக்கும் ஆப்பிள்களில் பலவற்றுக்கு எத்திலீனின் வேலையைத் தடுக்கும் 1-எம்சிபி என்ற வாயு காட்டப்பட்டிருக்கும். நாம் வாங்கும் ஆப்பிள் அப்படிப்பட்டதா என்று பார்த்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது, அடைத்து வைக்கும் பாத்திரம். எத்திலீன் வெளியேறக் கூடாது. ஆனால் காற்று வேண்டும். காய்க்குள் எத்திலீன் உருவாகும் கடைசிப் படிக்கு ஆக்சிஜன் தேவை. மூச்சுவிட்ட கரியமில வாயு தேங்கினாலோ எத்திலீனின் வேலை மட்டுப்படும். பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக முடிச்சுப் போடுவதும், காற்றுப் புகாத டப்பாவில் பூட்டுவதும் இதனால்தான் சரிவராது. உள்ளே வியர்த்து, காம்பில் பூசணம் பிடிப்பதுதான் மிச்சம். பழுப்புக் காகிதப் பை நல்லது, வாயை இரண்டு மடிப்பு மடித்தால் போதும். எங்கள் வீட்டில் தண்ணீர் ஊற்றாத காய்ந்த மண்பானை ஒன்று இதற்கென்றே இருக்கிறது. அடியில் வைக்கோல், மேலே காய்கள், நடுவில் இளகிய பழம், வாயில் ஒரு மல் துணி. இதைவிடப் பொருத்தமான பாத்திரத்தை நான் பார்த்ததில்லை.

அரிசியில் புதைப்பதும் வேலை செய்யும். அரிசி சுற்றிலும் மூடி வாயுவைப் பிடித்துவைக்கிறது, ஈரத்தையும் இழுத்துக்கொள்கிறது. மேல்நாடுகளில் மைதா மாவில் புதைக்கச் சொல்வதும் இதே கணக்கில்தான். ஆனால் தினமும் எடுத்துப் பாருங்கள். உள்ளே புதைந்ததை மறந்து, ஒன்று உடைந்து வழிந்தால் ஒரு மூட்டை அரிசியும் கெட்டுப்போகும். துணியில் சுற்றி வைப்பது பாதுகாப்பு.

இனி, நம் ஊருக்கு மிக முக்கியமானது வெப்பம். இதைப் பற்றித்தான் யாரும் நமக்காகச் சொல்வதில்லை. வெயில் விழும் ஜன்னலோரம் வையுங்கள், ஃபிரிட்ஜின் தலையில் வையுங்கள், அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் வையுங்கள் என்று படிக்கிறோம். வீட்டுக்குள்ளேயே 15 டிகிரி நடுங்கும் ஊர்க்காரர்களுக்கு அது சரியான அறிவுரை. இந்தக் காய் அழகாகக் கனிவது ஏறத்தாழ 17 முதல் 22 டிகிரி வரை. வணிக அளவில் பழுக்க வைக்கும் அறைகளையும் இதற்குள்தான் வைத்திருப்பார்கள். 25ஐத் தாண்டினால் ஒழுங்கு குலைய ஆரம்பிக்கும். 30க்கு மேல் போனால் எத்திலீன் உற்பத்தியே தடுமாறும். ஒரு பக்கம் கூழாகவும் மறுபக்கம் ரப்பராகவும் இருக்கும், காம்புப் பக்கம் கறுத்து அழுகும். சென்னையில் வைகாசி மாத அடுப்படி எத்தனை டிகிரி என்று உங்களுக்கே தெரியும்.

அதனால் நமக்கு விதி தலைகீழ். வீட்டில் எந்த மூலை குளிர்ந்திருக்கிறதோ அங்கே வையுங்கள். கட்டிலுக்கு அடியில் தரையில், காற்று வரும் வடக்குப் பக்க அறையில், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில். இரவில் ஏசி போடும் அறை இருந்தால் காகிதப் பையைப் படுக்கையறைக்கே கொண்டுபோய்விடுங்கள். 24 டிகிரியில் எட்டு மணி நேரம் என்பது இந்தக் காய்க்குப் பெரிய வரம். தாண்டிக்குடியில் எங்கள் மாமா வீட்டில் எந்த ஏற்பாடும் இல்லாமல் திண்ணையில் சாக்கு விரித்துப் பரப்பினாலே ஒரே சீராகக் கனியும். ஆயிரம் மீட்டருக்கு மேலிருக்கும் அந்த மலைக்காற்றுதான் காரணம். அதே காயைச் சமவெளிக்கு இறக்கினால் நாம்தான் அந்தக் குளிர்ச்சியைத் தேடிக் கொடுக்க வேண்டும்.

ஓவனிலும் மைக்ரோவேவிலும் வைக்கும் வித்தையைப் பற்றி என் கருத்து உறுதியானது: செய்யாதீர்கள். தாளில் சுற்றி 90, 100 டிகிரியில் வைத்தால் பத்து நிமிடத்தில் பழம் தயார் என்கிறார்கள். தயாராவது வெந்த காய். சூட்டில் பெக்டின் இளகிச் சதை அமுங்கும், அவ்வளவுதான். மணத்தையும் சுவையையும் கொண்டுவர வேண்டிய நொதிகள் அந்தச் சூட்டில் அழிந்துவிடுகின்றன. பச்சைப் புல் வாடை அப்படியே நிற்கும். சூடுபட்ட பட்டர் ஃப்ரூட்டில் கசப்பும் ஏறும். இட்லிப் பானையில் ஆவி காட்டுவதும் இதே கதைதான். பிறகு மூன்று நாள் காத்திருந்தாலும் அது கனியாது. காயின் உயிர் போய்விட்டது.

கார்பைடு கல்லை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். கால்சியம் கார்பைடு ஈரம் பட்டால் அசெட்டிலீன் வாயு விடும். எத்திலீன் செய்வதை அது மிகவும் பலவீனமாகச் செய்யும். தொழிற்சாலைக் கார்பைடில் ஆர்செனிக்கும் பாஸ்பரஸும் கலந்திருக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2011ஆம் ஆண்டு விதிகள் கார்பைடு போட்டுப் பழுத்த பழங்களை விற்பதைத் தடை செய்கின்றன. வியாபாரிகள் முறையான அறையில் எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு) வரை பயன்படுத்த அனுமதி இருக்கிறது. அது பழமே விடும் அதே வாயு. அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

இவ்வளவும் செய்து, நான்கு ஐந்து நாள் கழித்தும் காய் சுருங்கி, தோல் தொய்ந்து, உள்ளே ரப்பர் மாதிரி இருக்கிறதா? அப்படியானால் தப்பு உங்கள் வீட்டில் நடக்கவில்லை. மரத்தடியில் நடந்திருக்கிறது. முற்றாமல் பறித்த காய் வெம்பும், கனியாது. எண்ணெய் சேர்வதற்கு முன்பே பறித்துவிட்டால் பிறகு எந்தப் பழத்தோடு வைத்தாலும் அது தேறாது. கலிஃபோர்னியாவில் ஹாஸ் ரகக் காயில் உலர்பொருள், அதாவது நீர் போக மிஞ்சுவது, 20.8 சதவீதத்துக்குக் குறைந்தால் சந்தைக்கு அனுப்பக் கூடாது என்று விதியே வைத்திருக்கிறார்கள். நம் மலைகளில் அப்படி அளந்து பார்ப்பது அரிது. அனுபவம் பேசுகிறது.

காய் முற்றியது எப்படித் தெரிகிறது என்று மாமாவிடம் ஒருமுறை கேட்டேன். "தோலப் பாத்து ஏமாறாத பாப்பா. காயக் காதுகிட்ட வச்சு ஆட்டு. கொட்ட ஆடுச்சுன்னா முத்திருச்சு" என்றார். இன்னொரு வழியும் காட்டினார். ஒரு காயை நறுக்கி, கொட்டையைச் சுற்றிய மெல்லிய தோலைப் பார்க்க வேண்டும். அது வெள்ளையாக, தடித்து ஒட்டியிருந்தால் இளங்காய். காகிதம் மாதிரி மெலிந்து பழுப்பேறியிருந்தால் அந்த மரத்தைப் பறிக்கலாம். நம் ஊர் ரகங்கள் பலவற்றில் கொட்டை குழிக்குள் தளர்ந்து நிற்பதால் இந்த ஆட்டும் சோதனை எடுபடும். சூப்பர் மார்க்கெட்டில் வரும் வெளிநாட்டு ஹாஸ் காயை ஆட்டினால் சத்தம் எதிர்பார்க்காதீர்கள், அதில் கொட்டை சதையோடு இறுகியிருக்கும்.

முற்றிய காயை மரத்திலேயே சில வாரங்கள் விட்டுவைக்கலாம். அது அங்கே கனியாது, கெடாது. மரம்தான் விவசாயியின் கிடங்கு. அப்படியிருந்தும் ஏன் இளங்காய் சந்தைக்கு வருகிறது? சீசன் தொடக்கத்தில் கிடைக்கும் விலை. முதல் லோடுக்கு வத்தலக்குண்டில் கிடைக்கும் விலை நடு சீசனில் கிடைக்காது. மொத்தமாக மரத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் ஆளை ஏற்றிவிட்டால் பெரியது, சின்னது, முற்றியது, முற்றாதது எல்லாம் ஒரே மூட்டையில் இறங்கிவிடும். தொரட்டியில் இழுத்துக் கீழே விழவிட்ட காய் வெளியே நன்றாகத் தெரியும். கனிந்து வெட்டும்போதுதான் கன்றிய இடம் கறுத்துத் தெரியும். வலை கட்டிய கோலால், ஒரு துண்டுக் காம்போடு நிதானமாகப் பறித்த காய்க்கு இரண்டு ரூபாய் கூடக் கேட்டால் நான் பேரம் பேசுவதில்லை. நீங்களும் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த உழைப்புக்கு விலை கிடைத்தால்தான் அடுத்த வருடமும் அப்படிப் பறிப்பார்கள்.

கனிந்துவிட்டதா என்று பார்க்க விரல் நுனியால் அழுத்தாதீர்கள், அழுத்திய இடமெல்லாம் கன்றும். உள்ளங்கையில் வைத்து மெதுவாக அணைத்துப் பாருங்கள். லேசாக இடம் கொடுத்தால் நறுக்கலாம். நிறத்தை ஹாஸில் மட்டும் நம்பலாம், அதன் பச்சை கறுப்பாகும். நம் மலை ரகங்களில் பச்சைத்தோல் கனிந்த பிறகும் பச்சையாகவே இருக்கும், சிலது கொஞ்சம் மஞ்சளாகும். ஊதாத்தோல் ரகம் காயிலேயே நிறம் கொண்டிருக்கும். காம்புக் குமிழைப் பிடுங்கிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்தத் துளை வழியாகத்தான் பூஞ்சை இறங்குகிறது.

ஃபிரிட்ஜ் கனிந்த பழத்துக்கு மட்டும். கல்லாக இருக்கும்போது உள்ளே வைத்தால் ஓட்டம் நின்றுபோகும். நீண்ட நாள் குளிர் வாங்கினால் சதை சாம்பல் நிறமாகி நரம்புகள் கறுக்கலாம், வெளியே எடுத்தாலும் சரியாகக் கனியாமல் போகலாம். கனிந்தது மூன்று நான்கு நாள் உள்ளே தாங்கும். தண்ணீரில் மூழ்க வைத்தால் புதிதாக இருக்கும் என்ற வீடியோக்களைப் பார்த்துச் செய்ய வேண்டாம். தோலில் இருக்கும் கிருமிகள் அந்தத் தண்ணீரில் பெருகும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022இல் எச்சரித்திருக்கிறது.

அவசரத்தில் வெட்டிவிட்டு, உள்ளே இன்னும் இறுக்கமாக இருக்கிறது என்றால் அதைத் திரும்ப ஒட்டிவைத்துக் கனிய வைக்கப் பார்ப்பது நம் வெப்பத்தில் வீண் வேலை. முற்றிய செங்காயாக இருந்தால் பொடியாக நறுக்கி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசறி அன்றே சாப்பிட்டுவிடுங்கள். மோர்ச்சோற்றுக்கு நன்றாகவே இருக்கும்.

மூட்டை மொத்தமும் ஒரே நாளில் கனிந்து நின்றாலும் கவலையில்லை. சதையை வழித்து, எலுமிச்சைச் சாறு கொஞ்சம் சேர்த்து மசித்து, ஒரு வேளைக்கு ஒன்று என்று சின்னப் பொட்டலங்களாகக் காற்றில்லாமல் அழுத்தி ஃபிரீசரில் போடுங்கள். வெட்டிச் சாப்பிடும் பதம் அதன்பிறகு இருக்காது. ஆனால் குளிர்ந்த பாலும் நாட்டுச்சர்க்கரையும் போட்டு மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றினால், மலையில் சீசன் முடிந்து மாதம் இரண்டு ஆன பிறகும் பிள்ளைகளுக்கு ஜூஸ் இருக்கும்.